எழுத்தரின் மனத்திலிருந்து நிரல்மொழியின் வகைக்கு: கணித உகப்பாக்க மாதிரிகளில் வகைப் பாதுகாப்பின் வளர்ச்சி (1945–2023)

ஆய்வுச் சுருக்கம்

உகப்பாக்கக் கணக்கைத் தீர்ப்பது ஒரு பணி, அதைப் பிழையின்றி எழுதுவது வேறொரு பணி. சிம்ப்ளெக்ஸ் முறை தொடங்கி முதல் பணியின் வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் பணியின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு மாதிரியின் அலகு, சுட்டு, நேரியல் தன்மை, குவிவு ஆகியவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு மனித எழுத்தரிடமிருந்து மாதிரியாக்க மொழிகளுக்கும், அங்கிருந்து சார்புமுறை நிரல்மொழிகளின் வகை அமைப்புக்கும், இறுதியில் முறையான நிறுவலுக்கும் கைமாறிய வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. எம்எல், ஹாஸ்கல், ஓகேமல், எஃப் ஷார்ப், லீன் ஆகிய மொழிகளில் நடந்த முயற்சிகள் தனித்தனியானவையாகத் தோன்றினாலும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: நேரியல் திட்டமிடல், மாதிரியாக்க மொழி, வகை அமைப்பு, அளவை அலகு, சார்புமுறை நிரலாக்கம், குவிவு உகப்பாக்கம், நிறுவல் துணைக்கருவி.

1. முன்னுரை

எத்தனை லாரிகளை எந்த ஊருக்கு அனுப்புவது, எந்த மின்நிலையத்தை எத்தனை மணிக்கு இயக்குவது, நோயாளிக்குக் கதிர்வீச்சை எந்தக் கோணத்தில் எவ்வளவு செலுத்துவது போன்ற கேள்விகளுக்கு இன்று கணித உகப்பாக்கத்தின் வழியே விடை தேடுகிறார்கள். இவற்றின் கட்டமைப்பு பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அறிந்ததே. தீர்மான மாறிகள் சில, அவற்றைக் கட்டுப்படுத்தும் சமனிலிகள் சில, பெருமமாக்கவோ சிறுமமாக்கவோ வேண்டிய குறிக்கோள் சார்பு ஒன்று.

இக்கணக்கைத் தீர்க்கும் மென்பொருளைத் துறையினர் சால்வர் என்பார்கள். சால்வருக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. 12 என்ற எண் மில்லிகிராமா டாலரா என்பது அதற்குத் தெரியாது. கிடைவரிசையும் நெடுவரிசையும் இடம் மாறிய அட்டவணையைக் கொடுத்தாலும், இருபுறமும் எண்ணிக்கை பொருந்திவிட்டால், தயங்காமல் விடை தரும். அந்த விடை கொடுத்த கணக்குக்கு உகந்த தீர்வாகவே இருக்கும். கேட்க நினைத்த கணக்குக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலும் இருக்கலாம். நிரல் நின்றுபோனால் பிழை கண்ணில் படும். இங்கே நிரல் நிற்பதில்லை என்பதால் பிழை ஒரு கொள்கை முடிவாகவே வெளியேறிவிடுகிறது. எனவே, மாதிரியை எழுதுபவர் மனத்தில் வைத்திருக்கும் பொருளில் எவ்வளவை எந்திரம் சரிபார்க்கும்படி எழுதிவைக்க இயலும் என்ற வினாவை இக்கட்டுரை வரலாற்று வழியில் அணுகுகிறது.

2. பொருள் மனத்தில் இருந்த காலம்

1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் வாழ்வதற்கான குறைந்தபட்ச உணவுச் செலவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 77 உணவுப் பொருள்கள், 9 ஊட்டச்சத்துகள். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குத் தேவையான சத்துகளை மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்பது கணக்கு. அதைத் தீர்க்கும் பொது முறை அப்போது மேலைநாடுகளில் இல்லை. லெனின்கிராடில் லியோனித் கன்டரோவிச் 1939-லேயே இவ்வகைக் கணக்குகளுக்கு வழி கண்டிருந்தது மேலைநாட்டாருக்கு நெடுநாள் தெரியாமலிருந்தது. ஸ்டிக்லர் தம் ஊகத்தைக் கொண்டே 1939-ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்ற விடையை எட்டினார்.

1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்ததும் அதைச் சோதிக்க எடுத்துக்கொள்ளப்பட்டது இக்கணக்குதான். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் கணித அட்டவணைத் திட்டத்தில் ஜாக் லேடர்மன் மேற்பார்வையில், எழுத்தர்கள் மேசைக் கணிப்பான்களை வைத்துக் கணக்கிட்டார்கள். மொத்தம் 120 ஆள்நாள்கள் பிடித்தன. விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட் மட்டுமே தவறியிருந்தது.

அக்கணக்கின் உட்புறத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஸ்டிக்லரின் அட்டவணை ஒவ்வோர் உணவும் ஒரு பவுண்டுக்கு எவ்வளவு சத்துத் தரும் என்று சொல்லவில்லை. ஒரு டாலருக்கு வாங்கினால் எவ்வளவு சத்துத் தரும் என்றே சொல்கிறது. ஒரு டாலர் கோதுமை மாவில் 365 மில்லிகிராம் இரும்பு. ஆக, அக்கணக்கின் தீர்மான மாறி உணவின் எடையைக் குறிப்பதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தைக் குறிக்கிறது. அதே அட்டவணையில் இரும்பு மில்லிகிராமிலும் பக்கத்திலேயே சுண்ணாம்புச் சத்து கிராமிலும் இருக்கின்றன. நாளொன்றுக்கு இரும்பு 12 மில்லிகிராம், சுண்ணாம்புச் சத்து 0.8 கிராம் தேவை. யாரேனும் இரண்டையும் மில்லிகிராம் என்றெண்ணி 0.8 இருக்குமிடத்தில் 800 என்று எழுதினால், சிம்ப்ளெக்ஸ் முறை அதையும் ஏற்றுக்கொண்டு, ஓராண்டுக்கு ஆகும் தொகையைவிடக் கூடுதலாக ஒரே நாளில் செலவிடச் சொல்லும். எழுத்தர் அட்டவணையின் தலைப்பைப் படித்தவர், எண்ணை எழுதுமுன் அது எதைக் குறிக்கிறது என்று அறிந்தவர். 1947-இல் வகைச் சரிபார்ப்பு, அதாவது ஒவ்வோர் எண்ணும் தன் பொருளுக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது, அவர் மனத்தில் நடந்தது.

3. துளை அட்டை

கணிப்பான் போய்க் கணினி வந்தபோது மனத்தில் இருந்த இப்பொருள் முதலில் இழக்கப்பட்டது. 1960-களில் ஐபிஎம் 360 கணினிகளுக்கென உருவான எம்பிஎஸ் மென்பொருளின் கோப்பு வடிவம் துறை முழுமைக்கும் பொதுவாகிவிட்டது. இன்றும் பெரும்பாலான சால்வர்கள் அதைப் படிக்கின்றன. துளை அட்டைக்காக வகுக்கப்பட்ட அவ்வடிவத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான இடம் உண்டு. பெயர் 5-ஆவது இடத்தில் தொடங்கும், 8 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எண் 25-ஆவது இடத்தில் தொடங்கும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓரெழுத்துக் குறி: குறைவு அல்லது சமம், அதிகம் அல்லது சமம், சமம் என்ற மூன்றில் ஒன்று. குறிக்கோள் சார்புக்கு நான்காவது குறி.

அதற்கு மேல் எதுவும் அதில் இல்லை. அலகு எழுத இடமில்லை. இது உணவின் பட்டியல், இது சத்தின் பட்டியல் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கையால் எழுத இயலாததால், அவற்றை உருவாக்கித் தரும் அணியாக்கி நிரல்கள் தோன்றின. மாதிரியின் பொருள் இப்போது அந்த நிரலின் சுழற்சிக் கட்டளைகளுக்குள் மறைந்துகொண்டது. மாதிரியைப் புரிந்துகொள்ள விரும்பியவர் ஃபோர்ட்ரான் நிரலைப் படித்து, அது எந்தச் சமனிலியை உருவாக்குகிறது என்று பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது.

ராபர்ட் ஃபூரர் 1983-இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலைத் தெளிவாக வகுத்துக் காட்டியது. மனிதர் எழுதும் வடிவம், தீர்வுமுறை கேட்கும் வடிவம் என்று ஒரே மாதிரிக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. முன்னது குறியீடுகளால் ஆனது, சுருக்கமானது, பொதுவானது. பின்னது எண்களால் ஆனது, விரிவானது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் பெயர்க்கும் வேலையை மனிதரிடம் விடுவதே பிழைகளின் ஊற்று என்று அவர் வாதிட்டார்.

4. மாதிரியாக்க மொழிகளின் பங்கு

அவ்வேலையை எந்திரத்திடம் கொடுத்த முதல் பெருமுயற்சி உலக வங்கியில் நடந்தது. யான் பிஷ்ஷாப், அலெக்சாண்டர் மீராஸ் ஆகியோர் 1970-களில் உருவாக்கத் தொடங்கிய காம்ஸ் என்ற மொழி, வளரும் நாடுகளின் வேளாண்மை, தொழில்துறை மாதிரிகளைப் பொருளியலாளரே எழுதவும் பிறர் படிக்கவும் வழிசெய்தது. பெல் ஆய்வகத்தில் ஃபூரர், டேவிட் கே, பிரையன் கெர்னிகன் மூவரும் 1980-களின் நடுவில் ஏஎம்பிஎல் மொழியை வகுத்தார்கள். 1990-இல் அதை விளக்கும் கட்டுரை வெளிவந்தது.

இவ்வாய்வின் நோக்கில் காம்ஸ் மொழியின் முதன்மைச் சிறப்பு அதன் கணச் சரிபார்ப்பு. தூரம் என்ற தரவை ஆலைகள், சந்தைகள் என்ற இரு கணங்களின் மீது அறிவித்துவிட்டால், பின்னர் எங்கேனும் சந்தை, ஆலை என்று வரிசை மாற்றி எழுதினால் 171 என்ற எண்ணுடன் கணமீறல் பிழை காட்டப்படும், கணக்கு சால்வரை எட்டவே எட்டாது. பட்டியலில் இல்லாத ஊரின் பெயரை எழுதினாலும் நிறுத்திவிடும். வகை என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே, சுட்டுகளுக்கு வகை கொடுத்த அமைப்பு இது.

அலகு மட்டும் வெளியே நின்றது. அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியின் கார்டன் பிராட்லி, ராபர்ட் கிளெமென்ஸ் இருவரும் 1987-இல் மாதிரியாக்க மொழிகளுக்கென ஒரு வகைக் கணிதத்தை முன்வைத்தார்கள். ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது, எந்த அலகில் உள்ளது என்பதை அதன் வகையாக்கி, சமனிலியின் இருபுறமும் பொருந்துகின்றனவா என்று எந்திரமே சரிபார்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. உகப்பாக்கத் துறைக்குள்ளிருந்தே எழுந்த குரல் அது. ஆனால் அதை முழுமையாகத் தாங்கும் வகை அமைப்பு வேறொரு துறையில் வளர்ந்துகொண்டிருந்தது.

5. எம்எல் முதல் ஹாஸ்கல் வரை

எடின்பரோவில் ராபின் மில்னர் 1970-களில் கணித நிறுவல்களைக் கணினியில் எழுதத் துணையாக எம்எல் என்ற மொழியை உருவாக்கினார். தவறான நிறுவலை யாரும் தேற்றம் என்று ஒப்படைத்துவிட முடியாதபடி, தேற்றம் என்பதையே அவர் தனி வகையாக்கினார். அவ்வகை மதிப்பை உருவாக்க ஏற்கப்பட்ட விதிகளைத் தவிர வேறு வழி இல்லை. 1978-இல் வெளியான அவரது கட்டுரை, வகைச் சரிபார்ப்பில் தேறிய நிரல் ஓடும்போது வகைப்பிழையில் சிக்காது என்பதைக் கணித முறையில் நிறுவியது. நிரலர் வகைகளை எழுதாவிட்டாலும், நிரலை எந்திரமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலரே ஊகித்தறியும் முறையும் அதில் இருந்தது.

1987-இல், நிரலைக் கணிதச் சார்புகளாகக் கட்டும் சார்புமுறை நிரலாக்க ஆய்வாளர்கள் பொது மொழி ஒன்று வேண்டுமென்று முடிவுசெய்து குழு அமைத்தார்கள். அதன் பயனாக 1990-இல் ஹாஸ்கல் மொழியின் முதல் வரையறை வெளிவந்தது. பிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் 1989-இல் முன்மொழிந்த வகை வகுப்பு என்ற கருத்து அதில் இடம்பெற்றது. கூட்டல், பெருக்கல் போன்ற குறிகள் எந்தெந்த வகைகளுக்கு எந்தப் பொருளில் செல்லும் என்பதை நூலகம் எழுதுபவரே வரையறுக்க இது இடமளித்தது. 1996-இல் பால் ஹூடாக், ஒரு துறைக்கான சிறுமொழியைப் புதிதாகக் கட்டாமல், பொது நிரல்மொழிக்குள் நூலகமாகவே உட்பொதிக்கலாம் என்ற வழிமுறையை எடுத்துரைத்தார். 2005-இல் ஹாஸ்கல் கம்பைலருக்குள் வந்த பொதுமைப்படுத்திய இயற்கணித வகைகளும், 2012-இல் வந்த எண்களையும் தரவுகளையும் வகை நிலைக்கு உயர்த்தும் வசதியும் அவ்வழிமுறைக்கு வலுச் சேர்த்தன. மாதிரியாக்க மொழிக்குத் தேவையான கருவிகள் இவ்வாறு உகப்பாக்கத்தை நினையாமலேயே ஒவ்வொன்றாகத் தயாராயின.

6. நேரியல் தன்மையை வகையாக்குதல்

நேரியல் திட்டமிடலில் மாறியை மாறிலியால் பெருக்கலாம், இரு மாறிகளை ஒன்றோடொன்று பெருக்கக் கூடாது. இவ்விதியை மீறினால் கணக்கின் இயல்பே மாறிவிடும். பொதுப் பயன்பாட்டு மொழிகளில் இம்மீறல் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். பல ஆயிரம் வரித் தரவைப் படித்து முடித்தபின் தெரியவரலாம்.

ஹாஸ்கலில் இதைத் தடுக்க, நேரியல் கோவை என்பதைத் தனி வகையாக்கி, அதை எண் வகுப்பில் சேர்க்காமல் விட்டால் போதும். எண் வகுப்பில் சேர்ந்தால் ஒரே வகையின் இரு மதிப்புகளைப் பெருக்கும் உரிமையும் கூடவே வந்துவிடும். அதற்குப் பதிலாகக் கூட்டலும் மாறிலியால் பெருக்கலும் மட்டும் உள்ள வெக்டர்வெளி வகுப்பில் அதைச் சேர்க்கலாம். அப்போது இரு மாறிகளின் பெருக்கலுக்குப் பொருளே இருக்காது, அப்படி எழுதிய வரியைக் கம்பைலர் ஏற்காது. கணிதப் பாடநூலில் ஒரு நிபந்தனையாகச் சொல்லப்படும் விதி, எழுதவே இயலாதபடி இலக்கணமாகிவிடுகிறது.

சமனிலிக் குறியும் இத்தகையதே. நிரல்மொழிகளில் "குறைவு அல்லது சமம்" என்ற குறி உடனே உண்மை, பொய் என்ற விடையைத் தருவதற்கு ஏற்பட்டது. மாதிரியில் அக்குறி விடை தரக் கூடாது, ஒரு கட்டுப்பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் என்ன நேரும் என்பதற்குப் பைத்தான் நல்ல எடுத்துக்காட்டு. 2 ≤ அ ≤ 5 என்று எழுதினால், அம்மொழி அதை "2 ≤ அ மற்றும் அ ≤ 5" என்று விரித்துக்கொள்ளும். முதற்பகுதி ஒரு கட்டுப்பாட்டுப் பொருளை உருவாக்கும். பொருள் ஒன்று இருப்பதையே பைத்தான் உண்மை எனக் கொண்டு, அதைக் கைவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் விடையாகத் தரும். நூலகம் இதைத் தனியே கவனித்துத் தடுக்காவிட்டால் 2 என்ற கீழெல்லை சுவடின்றி மறைந்துபோகும். ஹாஸ்கலில் ஒப்பீட்டின் விடை பூலியன் வகை, கட்டுப்பாடு வேறு வகை. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது என்பதால், நூலகங்கள் கட்டுப்பாட்டுக்குத் தனிக் குறிகளை வகுக்கின்றன. இழப்பு நேர வாய்ப்பே இல்லை.

கோவையின் வடிவத்தையும் வகையாக்கலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்கலுக்குள் உருவான ஹேஷ்டு எக்ஸ்பிரஷன் என்ற மாதிரியாக்க மொழி இதற்குச் சான்று. அதில் ஒவ்வொரு கோவையின் வகையிலும் அதன் அளவும், அது மெய்யெண்ணா கலப்பெண்ணா என்பதும் எழுதப்பட்டிருக்கும். காந்த ஒத்ததிர்வுப் படத்தை மீட்டெடுக்கும் கணக்கில் ஃபூரியர் உருமாற்றம் மெய்யெண் படத்தைக் கலப்பெண் அணியாக்குகிறது. 128-க்கு 128 அளவுள்ள படத்தை வேறு அளவுள்ள அளவீட்டோடு கழிக்க முயன்றாலோ, கலப்பெண் கோவையைச் சிறுமமாக்கச் சொன்னாலோ வகைப்பிழை எழும். ஒரே உட்கோவை பலமுறை வந்தால் ஒருமுறை மட்டும் சேமித்து, வகைக்கெழுக்களைத் தானே கணித்து, சால்வர் ஏற்கும் சி மொழி நிரலாக அது பெயர்த்துத் தருகிறது. மருத்துவப் படக் கணக்கில் ஒரு குறியீட்டுப் பிழை மருத்துவரின் கண்முன் தவறான நிழலாக விழக்கூடும் என்பதால், இங்கே வகைப் பாதுகாப்பு நேரடியான மனிதப் பயன் உடையது.

7. அலகுகளின் வருகை

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய் தட்பவெப்ப ஆய்வுக்கலம் தொலைந்தது. உந்துவிசைத் தரவை ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் தர, மற்றொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதே காரணம். அலகுப் பிழையைக் கம்பைலரே தடுக்க இயலும் என்பதற்கான கோட்பாடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இருந்தது. கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ கென்னடி 1994-இல் பரிமாண வகைகள் பற்றிய கட்டுரையையும் 1996-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் எழுதியிருந்தார்.

அலகுகள் பெருக்கலின்கீழ் ஒரு பரிமாற்றுக் குலமாக அமைகின்றன. மீட்டரை நொடியால் பெருக்கினாலும் நொடியை மீட்டரால் பெருக்கினாலும் ஒன்றே. ஒவ்வோர் அலகுக்கும் தலைகீழ் உண்டு. எம்எல் மரபின் வகை ஊகிப்பில் இந்த இயற்கணித விதிகளைச் சேர்த்தாலும் ஊகிப்பு எப்போதும் முடிவுக்கு வரும் என்று கென்னடி காட்டினார். இதன் விளைவாக நிரலர் தரவுகளுக்கு மட்டும் அலகு கொடுத்தால் போதும், இடைநிலைக் கோவைகளின் அலகுகளைக் கம்பைலர் தானே கண்டறியும். டான் சைம் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவாக்கிய எஃப் ஷார்ப் மொழியில் கென்னடியின் முறை இடம்பெற்று, 2010-இல் விஷுவல் ஸ்டுடியோவுடன் பரவலாக வெளிவந்தது. சரிபார்த்தபின் அலகுகள் நீக்கப்படுவதால் நிரலின் வேகம் சிறிதும் குறைவதில்லை.

இவ்வசதியை உகப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தது ஃப்ளிப்ஸ் என்ற எஃப் ஷார்ப் நூலகம். இது 2020-ஐ ஒட்டித் திறந்த மூலமாக வெளியானது. அதில் தீர்மான மாறி, குணகம், கட்டுப்பாடு, குறிக்கோள் என எல்லாம் அலகோடு நிற்கும். ஸ்டிக்லரின் கணக்கை இம்முறையில் எழுதிப் பார்க்கலாம். மாறியின் வகை டாலர். இரும்பு அட்டவணையின் வகை மில்லிகிராம்/டாலர். இரண்டையும் பெருக்கினால் டாலர் நீங்கி மில்லிகிராம் எஞ்சும். வலப்புறத்தில் 12 மில்லிகிராம். இருபுறமும் பொருந்தியதால் வரி தேறும். சுண்ணாம்புச் சத்தின் வரியில் இடப்புறம் கிராம் எஞ்சும். வலப்புறத்தில் 800 மில்லிகிராம் என்று எழுதினால், அட்டவணையிலிருந்து ஓர் எண்ணைப் படிக்குமுன்பே கம்பைலர் நிறுத்தும். மாறியை எடை என்று தவறாக நினைத்துப் பவுண்டு எனக் கொடுத்தால், மில்லிகிராம்-பவுண்டு/டாலர் என்ற பொருளற்ற அலகு வெளிப்பட்டுத் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். 1947-இன் எழுத்தர் அட்டவணைத் தலைப்பைப் பார்த்துச் செய்த வேலை இதுவே. பிராட்லியும் கிளெமென்ஸும் 1987-இல் வரைந்த திட்டம் முப்பது ஆண்டுகளுக்குப் பின், வேறு மரபில் வளர்ந்த கருவியால் நடைமுறைக்கு வந்தது.

8. மாதிரியை மாற்றி எழுதுதல்

மாதிரிகள் எழுதியபடியே தீர்க்கப்படுவது அரிது. "எந்திரம் ஓடினால் குறைந்தது 20 டன், ஓடாவிட்டால் 0" என்ற அல்லது-நிபந்தனையை எல்லாச் சால்வர்களும் நேரடியாக ஏற்பதில்லை. ஏற்காதபோது 0 அல்லது 1 மதிப்புக் கொள்ளும் மாறி ஒன்றைச் சேர்த்து அதைச் சமனிலிகளாக மாற்ற வேண்டும். பெரிய மாறிலி முறை, குவிவுறை முறை எனப் பல வழிகள் உண்டு. நெடுங்காலம் இம்மாற்றங்களை வல்லுநர்கள் தாளில் எழுதிச் செய்தார்கள். மாற்றும்போது நேரும் பிழையை அறியவும் வழியில்லை.

ஆஷிஷ் அகர்வால், சூரஜ் பட், அலெக்சாண்டர் கிரே, இக்னாசியோ கிராஸ்மன் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் திருப்புமுனை. கணிதத் திட்டம் என்பதை ஒரு நிரல்மொழியின் தொடரைப்போல இலக்கணத்தோடு வரையறுத்து, மேற்சொன்ன மாற்றங்களை அவ்விலக்கணத்தின் மீதான விதிகளாக எழுதி, எம்எல் மரபில் வந்த ஓகேமல் மொழிக்குள் உட்பொதித்தார்கள். வேதிப் பொறியியல் கணக்குகளிலும் செயல்முறை ஆய்வுக் கணக்குகளிலும் சோதித்தபோது, எல்லாக் கணக்குக்கும் ஏற்ற ஒரே மாற்றுமுறை இல்லை என்பதும், எந்திரம் செய்த மாற்றங்கள் வல்லுநர் கையால் செய்தவற்றோடு ஒப்பிடத்தக்கவை என்பதும் தெரியவந்தன. எம்எல் மரபு மொழிகள் இதற்குப் பொருந்தியது தற்செயலாக நடந்ததன்று. இலக்கண மரங்களைப் பிரித்து ஆராய்ந்து மாற்றி எழுதுவதற்கே அவை வடிவமைக்கப்பட்டவை. ஒரு வகைக் கிளையைக் கவனிக்காமல் விட்டால் கம்பைலரே எச்சரிக்கும்.

9. குவிவும் நிறுவலும்

நேரியல் அல்லாத கணக்குகளில் எளிதானவற்றையும் கடினமானவற்றையும் பிரிக்கும் கோடு குவிவு. ஒரு சார்பு குவிந்ததா என்று பொதுவாகத் தீர்மானிப்பது கடினம். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கிராண்ட், ஸ்டீபன் பாய்ட், யின்யூ யே மூவரும் 2006-இல் வெளியிட்ட ஒழுங்குறு குவிவு முறை இதற்கு மாற்று வழி சொன்னது. அடிப்படைச் சார்புகள் ஒவ்வொன்றுக்கும் மாறிலி, நேரியல், குவி, குழி என்ற அடையாளம் உண்டு. அவற்றை இணைக்கும் விதிகளும் உண்டு. ஏறும் குவிசார்புக்குள் குவிகோவையை வைத்தால் கிடைப்பதும் குவிகோவையே. இவ்விதிகளின்படி கட்டப்பட்ட கோவைகளை மட்டுமே சிவிஎக்ஸ் மென்பொருள் ஏற்கும்.

மேட்லேப் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் இது உள்ளியல்பில் ஒரு வகை அமைப்பு. உட்கோவைகளின் அடையாளத்திலிருந்து முழுக்கோவையின் அடையாளம் வருவிக்கப்படுகிறது. ஏற்றுக்கொண்டது உறுதியாகக் குவிந்தது; நிராகரித்தவற்றிலும் குவிந்தவை இருக்கலாம். அ² உடன் 1-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது குவிசார்பே. ஆனால் வர்க்கமூலம் குழிசார்பு என்பதால் விதி அதை ஏற்காது. 1, அ ஆகியவற்றைக் கொண்ட வெக்டரின் நீளம் என்று திருப்பி எழுதினால் ஏற்கும். மில்னர் காலம் முதல் வகை அமைப்புகள் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு இது.

இம்முறையிலும் ஓர் இடைவெளி இருந்தது. இணைப்பு விதிகளும் உள்மாற்றங்களும் சரியானவை என்பதற்கு மென்பொருளை எழுதியவரின் சொல்லே ஆதாரம். அலெக்சாண்டர் பென்ட்காம்ப், ரமோன் ஃபெர்னாண்டஸ் மிர், ஜெரமி அவிகாட் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு அவ்விடைவெளியை நிரப்பியது. லியனார்டோ டி மோரா தொடங்கிய லீன் மொழி ஒரே நேரத்தில் சார்புமுறை நிரல்மொழியும் கணித நிறுவல் துணைக்கருவியும் ஆகும். அதில் எழுதப்பட்ட சிவிஎக்ஸ் லீன், கணக்கைச் சால்வர் கேட்கும் வடிவுக்கு மாற்றும் ஒவ்வொரு படியோடும், மாற்றிய கணக்கின் தீர்விலிருந்து மூலக்கணக்கின் தீர்வைப் பெறலாம் என்ற நிறுவலையும் உருவாக்குகிறது. தேற்றத்தை வகையாக்கிய மில்னரின் தொடக்கக் கருத்து, அரை நூற்றாண்டுக்குப் பின் உகப்பாக்கத்துக்குள் இவ்வாறு வந்துசேர்ந்தது.

10. எல்லைகள்

வகை அமைப்பு எதைச் சரிபார்க்காது என்பதையும் ஆய்வு நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் டான்ட்சிக் தம் உடல் எடையைக் குறைக்க உணவுக் கணக்கு ஒன்றைக் கணினியில் இட்டார். நீரின் எடையை நீக்கியபின் எஞ்சும் உணவின் எடை கூடக்கூட வயிறு நிறைந்த உணர்வு வரும் என்பது அவர் குறிக்கோள் சார்பு. விடையாக வந்த உணவுப் பட்டியலில் 500 காலன் வினிகர் இருந்தது. வினிகரின் நீரளவு தரவில் சுழியம் என்று பதிவாகியிருந்ததே காரணம். அலகும் சுட்டும் நேரியல் தன்மையும் அங்கே சரியாகவே இருந்தன, தரவு பொய்யானது. எந்த வகையும் அதைப் பிடிக்காது.

சால்வர்கள் மிதவைப் புள்ளி எண்களில், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போன்ற சகிப்பு வரம்புக்குள் கணக்கிடுகின்றன. சிவிஎக்ஸ் லீனிலும் மாற்றங்கள்தாம் நிறுவப்படுகின்றன, வெளியிலுள்ள சால்வரின் எண்கணிதம் நிறுவப்படுவதில்லை. கணங்களின் அளவு பெரும்பாலும் தரவைப் படித்தபின்பே தெரியும் என்பதால், அளவுகளை வகையில் எழுதும் முறை ஹாஸ்கலில் சிக்கலான நிரலைக் கேட்கிறது. அதில் எழும் பிழைச்செய்திகள் மாதிரியாளரின் மொழியில் பேசுவதில்லை. காம்ஸ், ஏஎம்பிஎல், பைத்தான் நூலகங்கள் இன்றும் துறையை ஆள்வதற்கு இவை தக்க காரணங்களே.

11. ஆய்வு முடிவுகள்

இவ்வாய்வின்வழி கண்டறியப்பட்டவை பின்வருமாறு.

முதலாவதாக, வகைப் பாதுகாப்பு உகப்பாக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த நிரலர் வழக்கம் என்ற கருத்து பொருந்தாது. அத்தேவை 1983-இலும் 1987-இலும் துறைக்குள்ளேயே உணரப்பட்டது. அதை நிறைவேற்றும் கருவிகள்தாம் வெளியில் வளர்ந்தன.

இரண்டாவதாக, வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் நடக்கவில்லை. சுட்டுகளைக் காம்ஸ் பேணியது, அலகுகளை எஃப் ஷார்ப், நேரியல் தன்மையையும் வடிவத்தையும் ஹாஸ்கல், மாற்றங்களை ஓகேமல், குவிவையும் நிறுவலையும் சிவிஎக்ஸ் மரபும் லீனும் பேணின. இங்கு ஆராயப்பட்ட அமைப்புகளுள் எதுவும் இவ்வைந்தையும் ஒருங்கே கொண்டிருக்கவில்லை.

மூன்றாவதாக, அவ்வாறு ஒருங்கிணைப்பதற்குக் கோட்பாட்டுத் தடை எதுவும் தென்படவில்லை. லீன் போன்ற, மதிப்புகளைச் சார்ந்துவரும் வகைகள் கொண்ட மொழியில் அலகு, சுட்டு, குவிவு மூன்றும் ஒரே வகையின் கூறுகளாகலாம். எஞ்சியிருப்பது மாதிரியாளர் படிக்கத்தக்க பிழைச்செய்தியும் எளிய எழுத்துமுறையும் ஆகும். அவை இரண்டாந்தர வேலைகள் ஆகா.

உணவுப் பங்கீடு, மின்விநியோகம், மருத்துவம் என மக்கள் வாழ்வைத் தொடும் முடிவுகள் இன்று இம்மாதிரிகளிலிருந்து பிறக்கின்றன. அம்முடிவால் பாதிக்கப்படுபவர் மாதிரியைப் பார்க்கக் கேட்டால், அதை எழுதியவர் இல்லாத இடத்திலும் அது தன் பொருளைத் தானே சொல்ல வேண்டும். அலகும் சுட்டும் குவிவும் வகையாக எழுதப்பட்ட மாதிரியை மூன்றாம் மனிதர் ஒருவர் படித்து வினவ இயலும். எண்களால் மட்டும் ஆன அணியை நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம், அதனோடு வாதிட இயலாது. வகைப் பாதுகாப்பு இத்துறைக்குத் தரும் பெரும்பயன் இவ்வாறு வாதிடுவதற்கான வாய்ப்பே என்பது இவ்வாய்வின் முடிபு.